பேசாத பேஸ் கிட்டாரிஸ்டை மாற்றிவிடலாமா?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 28 வயது. ஐடி வேலை பார்க்கிறேன், கூடவே ஐந்து பேர் கொண்ட ஒரு பேண்டில் பாடுகிறேன். வடபழனியில் ஒரு ஜாம் ரூமை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து வாரம் இரண்டு நாள் பயிற்சி செய்கிறோம். காலேஜ் கல்ச்சுரல்ஸ், ஓஎம்ஆர் கம்பெனி விழாக்கள், ஈசிஆர் ரிசார்ட் கல்யாணங்கள் என்று மாதம் மூன்று, நான்கு நிகழ்ச்சி வருகிறது. சொந்தப் பாட்டும் ஆறு வைத்திருக்கிறோம்.

பிரச்சினை எங்கள் பேஸ் கிட்டாரிஸ்ட். இரண்டு வருடமாக இருக்கிறான். வாசிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் வாயே திறக்க மாட்டான். மீட்டிங்கில் "ஓகே" தவிர வேறு வார்த்தை வராது. மேடையில் டிரம்ஸ் பக்கம் திரும்பி, தலை குனிந்து நிற்பான். ரீல்ஸ் எடுக்கக் கூப்பிட்டால் நழுவிவிடுவான். நிகழ்ச்சி முடிந்ததும் நாங்கள் வந்தவர்களோடு பேசிக்கொண்டிருப்போம். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்துவிடுவான். "அந்தப் பையனைக் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று ஒரு ஈவென்ட் மேனேஜரே கேட்டுவிட்டார்.

அக்கா கல்யாணத்துக்கு அவன் ஊருக்குப் போயிருந்தபோது வேறொருவரை வைத்து வாசித்தோம். அவர் மேடை முழுக்கத் துள்ளினார், கூட்டமும் ரசித்தது. அவரையே சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் மற்ற மூவரும். ஆனால் அன்றைக்குப் பாடும்போது எனக்கு ஏதோ சரியாக நிற்கவில்லை, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. இவன் அந்த நிகழ்ச்சிப் பதிவைக் கேட்டுவிட்டு குரூப்பில் "ரெண்டாவது பாட்டு ஓடிடுச்சு" என்று ஒரு வரி மட்டும் போட்டான். வராதவனுக்குக் குறை சொல்ல மட்டும் தெரிகிறது என்று டிரம்மருக்குக் கோபம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடிவெடுக்கப் போகிறோம். இப்படி ஒரு இன்ட்ரோவர்ட்டை வைத்துக்கொண்டு பேண்ட் நடத்த முடியுமா? அவனை மாற்றுவது எப்படி?

பதில்:

தம்பி, உங்கள் பெயர், குழுவின் பெயர், அந்த ஈவென்ட் கம்பெனியின் பெயர் மூன்றையும் எடுத்துவிட்டேன். சென்னையில் பேண்ட் உலகம் ஒரு தெரு அளவுதான். அந்தப் பையன் கண்ணில் இது படவும் வாய்ப்பிருக்கிறது.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவர் என்னென்ன செய்வதில்லை என்று நீளமாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னதாக "ஓகே" தவிர ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "ரெண்டாவது பாட்டு ஓடிடுச்சு." எனக்கு மொத்தக் கடிதத்திலும் உபயோகமாக இருந்த வரி அதுதான். பாடும்போது ஏதோ நிற்கவில்லை, காரணம் தெரியவில்லை என்கிறீர்கள். ஊரில் இல்லாத ஒருவர் பதிவைக் கேட்டே தாளத்தின் வேகம் கூடிவிட்டதுதான் காரணம் என்று மூன்று வார்த்தையில் எழுதி அனுப்பியிருக்கிறார். யாரும் அதைச் சரிபார்த்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அந்தப் பதிவை எடுத்து, போனில் தாள வேகத்தை அளக்கும் ஒரு மெட்ரோனோம் ஆப்பைத் திறந்து, இரண்டாவது பாட்டின் முதல் பல்லவியையும் கடைசிப் பல்லவியையும் தட்டிப் பாருங்கள். உதாரணத்துக்கு, நிமிஷத்துக்கு 96 தட்டில் எடுத்த பாட்டு 104இல் முடிந்திருந்தால் உங்களுக்கு மூச்சு வாங்க இடமே இருந்திருக்காது. நான் அங்கே இல்லை, ஓடியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஓடியிருந்தால், பேஸ் வாசித்தவர் துள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் டிரம்மரைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். டிரம்ஸ் பக்கம் திரும்பி நிற்கிறான் என்று குறையாக எழுதினீர்களே, அவர் அங்கே திரும்பி நின்று என்ன செய்கிறார் என்று என்றைக்காவது பார்த்தீர்களா? பேஸும், டிரம்மர் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். அதற்குப் பாதிப் பேர் டிரம்மரின் காலைப் பார்த்தேதான் வாசிப்பார்கள்.

கொஞ்சம் என் வீட்டுக் கதை சொல்கிறேன். ஆலோசகர் சொந்தக் கதை பேசக் கூடாது என்பார்கள், ஆனாலும். என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நாயன (நாதஸ்வர) செட்டில் ஒத்து ஊதியவர். ஒத்து பார்க்க நாயனம் மாதிரியே இருக்கும். அதில் ராகம் கிடையாது, ஒரே சுருதி. அதை அறுபடாமல் பிடிக்க வேண்டும். கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு மூக்கால் மூச்சு இழுக்கத் தெரியவேண்டும். நாயனக்காரர் தண்ணீர் குடிக்கலாம், வெற்றிலை போடலாம், தவில்காரர் தனி வாசிக்கும்போது ஓய்வெடுக்கலாம். ஒத்துக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. கைத்தட்டலும் இல்லை. போதாக்குறைக்கு நம் ஊரில் ஜால்ரா போடுகிறவனை "ஒத்து ஊதுறான்" என்கிறோம். தாத்தா காதில் அந்த வார்த்தை விழுந்தால் முகம் சுருங்கிவிடும். "ஒரு நாள் ஊதிப் பார்க்கச் சொல்லு" என்பார். ஒரு முறை காய்ச்சலில் அவர் படுத்துவிட, ஒரு கல்யாணத்துக்கு ஒத்துக்கு ஒரு சின்னப் பையனை உட்கார்த்தினார்களாம். ஆலாபனை நடுவில் சுருதி அறுந்தது. நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பையனைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை சாப்பாட்டுப் பந்தியில் பேசிக்கொண்டிருந்த ஊர்க்காரர்களும் பேச்சை நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்தார்களாம். தாத்தா இந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்போது லேசாகச் சிரிப்பார். இன்றைக்கு அந்த வேலையைச் சுருதிப் பெட்டி செய்கிறது. உங்கள் பேண்டில் பேஸுக்கு இன்னும் பெட்டி வைக்கவில்லையே என்று சந்தோஷப்படுங்கள்.

ரீல்ஸ் விஷயத்தில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாலு கம்பி பேஸின் அடிக் கம்பி சாதாரணச் சுருதியில் 41 ஹெர்ட்ஸ். போனின் சின்ன ஸ்பீக்கரில் அந்த அடி ஒலி வரவே வராது. மேலே உள்ள துணை ஒலிகளை வைத்து நம் காது அதை ஊகித்துக்கொள்கிறது. ரீலில் அவர் ஆடினாலும் ஆடாவிட்டாலும் அவர் வாசித்ததில் பெரும்பகுதி பார்ப்பவர் காதுக்குப் போகப்போவதில்லை. அவருடைய வேலை கேட்காத இடத்தில் அவரை எடைபோடுகிறீர்கள். ரீல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இன்றைக்கு அது இல்லாமல் நிகழ்ச்சி பிடிக்க முடியாது என்று தெரியும். நீங்களும் லீட் கிட்டார்காரரும் ஆடுங்கள். அவருடைய விரலை மட்டும் ஒரு ஷாட் எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

சரி, இன்ட்ரோவர்ட் விஷயத்துக்கு வருகிறேன். 1921இல் கார்ல் யுங் என்ற சுவிஸ் மனநல மருத்துவர் தன் புத்தகத்தில் எழுதி அந்தச் சொல்லைப் பரவலாக்கினார். இன்றைக்குக் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் பயோடேட்டா வரைக்கும் வந்துவிட்டது. நம்மில் பெரும்பாலானோர் இரண்டு முனைக்கும் நடுவில்தான் இருக்கிறோம். கூட்டத்தில் இருந்தால் சிலருக்குத் தெம்பு ஏறும், சிலருக்கு இறங்கும். இரண்டாவது வகைக்காரர் யோசித்து முடித்த பிறகுதான் பேச விரும்புவார். அவ்வளவுதான், இது நோய் கிடையாது. கூச்சம் வேறு: கூச்சப்படுகிறவருக்குப் பேச ஆசை இருக்கும், பயம் தடுக்கும். மேடைப் பயம் அதனினும் வேறு. வீட்டில் ஓயாமல் பேசுகிற ஆளுக்கும் மைக் முன்னால் கை நடுங்கும். இரண்டு வருடம் உங்களோடு மேடை ஏறி, வாசிப்பில் குறை சொல்ல முடியாதபடி இருக்கிறவருக்கு மேடைப் பயம் பெரிதாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நம் மொழியிலேயே இதில் ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது. பேசாதவனுக்கு எத்தனை பட்டம்! உம்மணாமூஞ்சி, அமுக்குணி, ஊமைக்கோட்டான், அழுத்தக்காரன். பேசுகிறவன் கலகலப்பானவன். யாரோ ஒரு மாமா வைத்த பெயரோடு வளர்ந்து, இருபத்தைந்து வயதில் பேண்டில் சேர்ந்து, அங்கேயும் ஈவென்ட் மேனேஜர் வாயிலிருந்து அதையே கேட்கிறார். இதற்கு நேர் எதிராக, பேசாதவனெல்லாம் மேதை என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. ரஹ்மானைப் பார், கீபோர்டு வாசித்துக்கொண்டு அமைதியாக இருந்தார், எங்கே போய்விட்டார் என்பார்கள். அந்த ஆசையில் இவரை வைத்துக்கொள்ளாதீர்கள். நிறைகுடமும் தளும்பாது, காலிக்குடமும் தளும்பாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் விஷயத்தில் "ஓடிடுச்சு" என்ற வரி இருக்கிறது, அதனால் எனக்கு நம்பிக்கை.

எனக்குக் கவலையாக இருப்பது உங்கள் மீட்டிங்தான். "ஓகே தவிர வேறு வார்த்தை வராது" என்கிறீர்கள். மௌனம் சம்மதம் என்று பழமொழி சொல்லிவிட்டது, நாமும் அதை வைத்தே வீடும் ஆபீஸும் நடத்துகிறோம். என்னிடம் வரும் குடும்பச் சண்டைகளில் பாதி அந்தப் பழமொழி மூட்டியது. நான்கு பேர் ஒருவர் பேச்சில் ஒருவர் குதித்துப் பேசும் அறையில், யோசித்துப் பேசுகிறவர் வாயைத் திறப்பதற்குள் விஷயம் அடுத்த பாட்டுக்குப் போயிருக்கும். "ஓகே" என்றால் "சரி, முடியுங்கள், வீட்டுக்குப் போகலாம்" என்றும் அர்த்தம்.

பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்துக் குழுவில் கிட்டார் வாசித்த ஜார்ஜ் ஹாரிசனை அமைதியானவர் என்றே பத்திரிகைகள் எழுதின. பழகியவர்கள் கேட்டால் அவர் நிறையப் பேசுவார் என்பார்கள், அது இருக்கட்டும். அந்தக் குழுவில் பாட்டு எழுதுவதில் இரண்டு பேர் கை ஓங்கியிருந்தது. இவருடைய பாட்டுகள் சேர்ந்துகொண்டே போயின. 1969 ஜனவரி 10ஆம் தேதி பயிற்சிக்கு நடுவில் குழுவை விட்டுப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, அந்தக் குளிரான படப்பிடிப்பு அரங்கில் பயிற்சி வேண்டாம், இடத்தை மாற்றுங்கள் என்பது. அதே வருடம் வந்த ஆல்பத்தில் இருந்த அவருடைய இரண்டு பாட்டுகளும் இன்றுவரை ஓடுகின்றன. அடுத்த வருடமே தனியாக மூன்று இசைத்தட்டு கொண்ட ஆல்பம் போட்டார். அதில் பல பாட்டுகள் முன்பே கையில் இருந்திருக்கின்றன. உங்கள் பையனிடம் எத்தனை பாட்டு இருக்கிறது என்று தெரியுமா? கேட்டிருக்கிறீர்களா?

மீட்டிங் முறையை மாற்றிப் பாருங்கள். பயிற்சியை யாராவது ஒருவர் போனில் பதிவு செய்து அன்றிரவே குரூப்பில் போடட்டும். மறுநாள் இரவுக்குள் ஐந்து பேரும், ஆளுக்கு இரண்டு இடத்தைக் குறிப்பிட்டு, என்ன மாற்றலாம் என்று எழுத வேண்டும். எழுத்தோ வாய்ஸ் நோட்டோ, அவரவர் விருப்பம். ஐந்தும் வரும்வரை யாரும் யாருக்கும் பதில் போடக் கூடாது, கைத்தட்டல் இமோஜிகூட வேண்டாம். மூன்று வாரம் செய்யுங்கள். ஐந்து பேரில் யாருடைய காது எங்கே கூர்மை என்று அதில் தெரிந்துவிடும். உங்கள் டிரம்மருக்கும் இது நல்லது. இப்போது அவருக்கு அந்த ஒரு வரி குத்தலாகப் பட்டதற்குக் காரணம், எல்லாரும் சும்மா இருந்தபோது அது மட்டும் தனியாக வந்து விழுந்ததுதான். எல்லாரும் எழுதும் இடத்தில் அதே வரி வந்திருந்தால் கோபம் வந்திருக்காது.

மேடையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பணம் கொடுத்துக் கூப்பிடுகிறவருக்குச் சில எதிர்பார்ப்பு இருக்கத்தான் செய்யும், அதை நான் மறுக்கவில்லை. விளக்கு விழும் இடத்தில் நில், எல்லாரும் பேசி வைத்த உடையைப் போடு, முதல் பாட்டு தொடங்கும்போதும் கடைசிப் பாட்டு முடியும்போதும் தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார், கடைசியில் எங்களோடு சேர்ந்து வணங்கு. இவற்றை நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். எந்த நொடியில் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் இவர் போன்றவர்கள் தவறாமல் செய்வார்கள். "கொஞ்சம் எனர்ஜியா இருடா" என்பது அப்படி இல்லை; அதை எப்படிச் செய்வது என்று எனக்கே தெரியாது. துள்ளுவது, கூட்டத்தோடு வாயாடுவது எல்லாம் பாடகரின் வேலை. உங்கள் வேலை, தம்பி. நீங்கள் தைரியமாக ஓரத்துக்கு ஓடிப்போய்க் கையைத் தூக்க முடிவதே பின்னால் ஒருவர் அசையாமல் நிற்பதால்தான் என்று எனக்குப் படுகிறது. ஈவென்ட் மேனேஜர் மறுபடி கேட்டால், "அவர் அப்படித்தான் சார், அவர் இல்லாம எங்களால வாசிக்க முடியாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அன்றைக்கு அப்படி யாரும் சொல்லவில்லை என்று ஊகிக்கிறேன். அவர் பக்கத்தில்தான் இருந்திருப்பார்.

வேனில் போய் உட்காருவது திமிர் இல்லை. இரண்டரை மணி நேரம் அத்தனை டெசிபலில், அத்தனை முகத்துக்கு நடுவில் நின்றவருக்கு இருபது நிமிஷம் தேவைப்படுகிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் டிரம்மர் சார்லி வாட்ஸ் 1963இல் சேர்ந்து 2021இல் இறக்கும்வரை உலகத்திலேயே சத்தமான குழுக்களில் ஒன்றில் வாசித்தவர். சுற்றுப்பயணத்தில் தான் தங்கிய ஒவ்வொரு ஹோட்டல் அறைக் கட்டிலையும் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார். அவரை யாரும் வேனிலிருந்து இழுத்துவரவில்லை. நீங்கள் அந்த இருபது நிமிஷத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம் பரோட்டாக் கடைக்குக் கூப்பிடுங்கள். ஒன்று மட்டும் கறாராக இருங்கள்: ஆம்ப்ளிஃபயரைத் தூக்கவும் கேபிள் சுருட்டவும் எல்லாரும் வர வேண்டும். இன்ட்ரோவர்ட் என்பதற்காக அதில் விலக்கு கிடையாது.

அதேபோல, சொல்லாமல் பயிற்சிக்கு வராமல் இருப்பது, பாட்டைப் படிக்காமல் வருவது, கோபத்தைக் காட்ட வேண்டுமென்றே பேசாமல் இருந்து நான்கு பேரைத் தவிக்கவிடுவது இதெல்லாம் இருந்தால் அது வேறு பேச்சு. அதற்கு இன்ட்ரோவர்ட் என்ற போர்வையைப் போர்த்தாதீர்கள், நேராகச் சொல்லிப் பிரியலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு உங்களோடு சிரித்தவர் சமீபமாகத்தான் ஒதுங்குகிறார், தூக்கம் சாப்பாடு சரியில்லை, பிடித்த பாட்டைக்கூடக் கேட்பதில்லை என்றால் அது குணமாக இருக்காது, மனச்சோர்வாக இருக்கலாம். அப்போது பேண்டைப் பற்றிய பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416க்கு இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

பணத்தையும் பெயரையும் ஒரு நிமிஷம் பேசிவிடுகிறேன், யாரும் பேசாத விஷயம். கேட்காதவருக்குப் பங்கு குறைவது நம் ஊர் வழக்கம். ஐந்து பேருக்கும் சமமாகப் பிரிக்கிறீர்களா? அந்த ஆறு சொந்தப் பாட்டில் எதன் தொடக்கமாவது அவர் வாசித்துப் பார்த்த ஒரு பேஸ் வரியிலிருந்து வந்ததா? வந்திருந்தால் யாருடைய மெட்டு, யாருடைய வரி என்று ஒரு தாளில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். பாட்டு ஹிட் ஆன பிறகு இந்தத் தாளை எழுதவே முடியாது.

"அவனை மாற்றுவது எப்படி" என்று முடித்திருக்கிறீர்கள். ஆளை மாற்றுவதா, அவர் குணத்தை மாற்றுவதா என்று எனக்குப் புரியவில்லை. எழுதும்போது உங்களுக்கும் புரியவில்லை என்று நினைக்கிறேன். குணத்தை மாற்ற என்னாலும் முடியாது. ஆளை மாற்றுவது உங்கள் நான்கு பேர் கையில் இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் நடுவில் அவரை உட்காரவைத்து "ஏன்டா பேச மாட்டேங்குற" என்று தொடங்கினால் ஒரு "ஓகே" வரும், அடுத்த வாரம் அவர் வர மாட்டார்.

அதனால் சனிக்கிழமை கம்பி வாங்க வேண்டும் என்று சொல்லி அவரை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொள்ளுங்கள். அண்ணா சாலையில் இருக்கும், 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் இசைக்கருவிக் கடை வரைக்கும் போய் வரலாம், வடபழனியிலிருந்து சனிக்கிழமை டிராஃபிக்கில் நல்ல நேரம் கிடைக்கும். முகம் பார்க்காமல் பேசுவது இவர் போன்றவர்களுக்குச் சுலபம். நீங்கள் மெட்ரோனோமில் தட்டிப் பார்த்ததைச் சொல்லுங்கள். "ரெண்டாவது பாட்டு எந்த இடத்துல ஓட ஆரம்பிச்சுது?" என்று மட்டும் கேளுங்கள். கோடம்பாக்கம் பாலத்தில் கேட்டால் ஜெமினி மேம்பாலம் தாண்டும்வரை பதில் வராமல் இருக்கலாம். நடுவில் நீங்கள் எதுவும் பேசிவிடாதீர்கள்.